வலிக்காத காலுக்குத்தான் டாக்டர் வேண்டும்

மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் யார் காலில் என்ன என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு வருகிறவர்கள்கூட, கால் சமாச்சாரம் என்றால் நேரே கடைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, கால் ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர் இருக்கா", "தம்பி, விரல் இடுக்குல ஒரே அரிப்பு, ஏதாச்சும் ட்யூப் குடு", "பித்த வெடிப்புக்கு நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க". காலைக் காட்டுவதற்காக ஒரு டாக்டரிடம் போவது என்பது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் வீண் செலவு. காலுக்கென்றே டாக்டர் இருக்கிறார் என்று சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைத்துக் கொள்கிறார்கள்.

நிஜமாகவே இருக்கிறார்கள். பொடியாட்ரிஸ்ட் என்று பெயர். அமெரிக்காவில் டிகிரி முடித்த பிறகு 4 வருடம் இதற்கென்று தனிக் கல்லூரியில் படித்து, அப்புறம் 3 வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து வருகிறவர்கள், பாதத்தில் ஆபரேஷன் வரைக்கும் செய்வார்கள். இங்கிலாந்தில் இது 3 வருடப் பட்டப்படிப்பு, பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் இப்போது புழங்க ஆரம்பித்திருக்கிறது, "பையன் லண்டன்லேர்ந்து போன் பண்ணி கால் டாக்டர பாருங்கங்கிறான், இங்க யாரு இருக்கா" என்று கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் பிசியோதெரபி மாதிரி இது தனிப் படிப்பாகப் பரவவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சர்க்கரை ஆஸ்பத்திரிகளில் பாதப் பிரிவு என்று வைத்து. எங்கே போவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எப்போது போக வேண்டும் என்பது. ஏனென்றால் பெரிய ஆபத்தே போகிற நேரத்தில்தான் இருக்கிறது.

கால் வலித்தால் ஆள் எப்படியும் எங்காவது போய்விடுவார். குதிகால் குத்துகிறது, நகம் சதையில் ஏறிக்கொண்டு துடிக்கிறது என்றால் யாரும் சும்மா இருப்பதில்லை. எனக்குப் பயமாக இருப்பது வலிக்காத கால்தான். பாதத்தில் ஐம்பது காசு அகலத்துக்குப் புண்ணை வைத்துக்கொண்டு, "அது வலியே இல்ல தம்பி, சும்மா ஒரு பவுடர் போட்டா காஞ்சிரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த இடத்தில் ஒரு புண் இருந்து அது வலிக்கவில்லை என்றால், நரம்பு செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். வலி இல்லாதது நல்ல செய்தி இல்லை, அதுதான் வியாதியே.

இதை முதலில் புரிந்துகொண்ட இடங்களில் ஒன்று நம்முடைய வேலூர் என்பது பலருக்குத் தெரியாது. பால் பிராண்ட் என்ற டாக்டர், 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று அப்போது டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நோயாளிகளோடு கூடவே இருந்து பார்த்ததில் சதை தானாக அழுகவில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் அடியும் உராய்வும் படுவது தெரியாமல் அவர்கள் அதே காலில் நடந்துகொண்டே இருப்பதுதான் காரணம் என்று தெரிந்தது. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை என்று சிலர் வந்திருக்கிறார்கள், பார்த்தால் எலி கடித்திருக்கிறது, ஆளுக்குத் தூக்கமே கலையவில்லை. அதனால் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்! பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார், அதே பாடத்தை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார். நோய் வேறு, காலுக்கு நடப்பது ஒன்றுதான். எலி கடித்தது தெரியாத சர்க்கரை நோயாளிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள், இது பழங்கதை இல்லை.

சர்க்கரை பல வருடம் ஏறி இருந்தால் காலில் மூன்று விதமாக நரம்பு கெடுகிறது. தொடு உணர்ச்சியும் வலியும் போவது ஒன்று. பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்பு கெட்டு, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொள்வது இரண்டாவது, அப்படி மடங்கினால் விரல் அடியில் இருக்கும் எலும்பு முனைகள் தரையில் கூடுதலாக அழுத்தும், அங்கேதான் ஆணி வரும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: வியர்வையை நடத்துகிற நரம்பு கெட்டுப் பாதம் காய்ந்து போகும், குதிகால் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். பித்த வெடிப்பு க்ரீம் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் சுகர் இருக்கா என்றுதான் கேட்பேன், சிலருக்குக் கோபம்கூட வரும்.

இதோடு ரத்தக்குழாயும் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது என்றால் அது வயசு இல்லை, ரத்தம் போகாததாக இருக்கலாம். காலில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று ஆவது, ஒரு கால் மட்டும் சில்லென்று இருப்பது, இதெல்லாம் அதே சேதிதான். பீடி சிகரெட் உள்ளவர்களுக்குச் சர்க்கரை இல்லாமலேகூட இது வரும்.

சரி, உணர்ச்சி குறைகிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது? உணர்ச்சி போவதை உணர முடியாது, அதுதான் சிக்கல். சிலருக்கு ஆரம்பத்தில் எரிச்சல், ராத்திரியில் ஊசி குத்துகிற மாதிரி, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி மதமதப்பு என்று ஏதாவது இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இருக்காது. நான் கவனித்து வைத்திருக்கும் ஒரு அடையாளம் உண்டு: செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், ஆள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். வீட்டில் பெரியவர் யாராவது ஒற்றைச் செருப்போடு வந்து நின்றால் சிரிக்காதீர்கள், அந்த வாரமே பாதத்தைக் காட்டக் கூட்டிப் போங்கள்.

எரிச்சலுக்கு என்று "நரம்பு மாத்திரை" வாங்கிப் போகிறவர்கள் நிறைய. அதில் எரிச்சல் அடங்கலாம், போன உணர்ச்சி திரும்பி வராது. எரிச்சல் நின்றதும் நரம்பு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாதத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மதமதப்பைக் கொடுக்கும், அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துச் சரி செய்ய முடியும். ஆகவே மதமதப்பு எல்லாமே சர்க்கரையின் வேலை என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி கால் ஆணி. கடையில் வட்டமாக ஒட்டுகிற பிளாஸ்டர் இருக்கிறதே, அதன் நடுவில் இருப்பது 40 சதவீத சாலிசிலிக் அமிலம். கெட்டித் தோலை ஊறவைத்துக் கரைப்பதுதான் அதன் வேலை, நல்ல தோல் எது கெட்ட தோல் எது என்று அதற்குத் தெரியாது. நல்ல ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உள்ளவருக்குப் பெரிய வம்பில்லை, எரிந்தால் பிய்த்துப் போட்டுவிடுவார். உணர்ச்சி இல்லாதவருக்கு அது ஆணியையும் தாண்டிச் சதையை அரித்துக்கொண்டே போகும், அவருக்குத் தெரியவே தெரியாது. சுகர் உள்ளவர்களுக்கு நான் அதைத் தருவதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம். பிளேடால் சீவிக்கொள்வது அதைவிட மோசம்.

சர்க்கரைக்காரர் காலில் ஆணி என்பது அழகுப் பிரச்சினை இல்லை. அந்த இடத்தில் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்பதற்கான முத்திரை அது. கெட்டித் தோல் சேரச் சேர அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல உள்ளே இருக்கும் சதையை நசுக்கும், மேலே தோல் மூடியிருக்கும்போதே அடியில் புண் உண்டாகிவிடும். ஆணிக்குள் கருஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, புண் கதவைத் தட்டிவிட்டது. பாதப் பிரிவில் இருக்கிறவர்கள் இதைப் பக்குவமாகச் சீவி எடுப்பார்கள், சீவினாலே அழுத்தம் கணிசமாகக் குறையும், அப்புறம் ஏன் அங்கே அழுத்தம் வருகிறது என்று பார்த்து அதற்கேற்ற செருப்போ உள்ளே வைக்கும் மெத்தையோ எழுதுவார்கள். ஊர்த் திருவிழாக்களில் ஆணி எடுத்துத் தருகிறேன் என்று தரையில் உட்கார்ந்திருப்பவரிடம் தயவுசெய்து சர்க்கரைக் காலை நீட்ட வேண்டாம்.

சிலவற்றுக்கு நாளைக்குப் போகலாம் என்ற பேச்சே கிடையாது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, சீழ், நாற்றம், கூடவே காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், காரணமே இல்லாமல் சுகர் திடீரென்று எகிறுகிறது; விரல் கருத்துப் போகிறது; ஒரு கால் மட்டும் சடாரென்று வெளுத்துச் சில்லிட்டுக் கடுமையாக வலிக்கிறது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி. துருப்பிடித்த ஆணியோ கருவேல முள்ளோ ஏறினால் சர்க்கரைக்காரர் டி.டி. ஊசி போட்டதோடு திரும்பிவிடக் கூடாது, முள் முனை உள்ளே உடைந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. மேலே ஓட்டை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இருக்கிறது, அதை டாக்டர்களே சில சமயம் தவறவிடுவார்கள். வருடக்கணக்கில் சுகர் உள்ளவருக்குப் புண் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். வலி பெரிதாக இருக்காது, அல்லது இருக்கவே இருக்காது. சுளுக்கு என்று நீவிவிடுவார்கள், யூரிக் ஆசிட் என்பார்கள், கிருமி என்று ஆன்டிபயாடிக் தருவார்கள், யானைக்காலோ என்றுகூடப் பயப்படுவார்கள். அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் மளமளவென்று நொறுங்கி மூட்டுகள் இடம் மாறிக்கொண்டிருக்கும் நிலை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அந்தக் காலை ஊன்றாமல் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் பாதத்தின் வடிவம் தப்பும், நடந்துகொண்டே இருந்தால் உள்ளங்கால் வளைவு கீழே இறங்கிப் படகு மாதிரி ஆகிவிடும், பிறகு எந்தச் செருப்பும் சேராது. சர்க்கரைக்காரரின் ஒற்றைக் கால் சூடாக வீங்கியிருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதைச் சார்க்கோ என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

மாவுக்கட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம் அந்த இடத்தில் எடை படாமல் பார்த்துக்கொள்வது. தினமும் கட்டு மாற்றிக்கொண்டு அதே காலில் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடந்தால் எத்தனை விலையுயர்ந்த களிம்பு போட்டாலும் ஆறாது. பாதம் முழுக்க ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டு எடையைப் பரப்பிவிடும் முறை 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோய்ப் புண்களுக்குச் செய்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் தரமான வைத்தியங்களில் ஒன்று. ஆனால் ரத்த ஓட்டம் இல்லாத காலுக்கும், கிருமி தீவிரமாக இருக்கும் காலுக்கும் அதைப் போடக் கூடாது. அதைத் தீர்மானிக்கத்தான் தெரிந்த ஆள் தேவை.

புண்ணே இல்லாதவர் போனால் என்ன செய்வார்கள்? ஒன்றும் பயமில்லை, ஊசிகூடக் கிடையாது. மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது, அதைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் சில இடங்களில் வைப்பார்கள், தொட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர்ப் பெரிய சர்க்கரை ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று பயோதீசியோமீட்டர் என்ற மெஷினே இருக்கிறது, அதில் 25 வோல்ட்டுக்கு மேல் வைத்தால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் அதிகம். கணுக்காலில் ஒரு பி.பி., கையில் ஒரு பி.பி. எடுத்து கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. அப்புறம் விரல் இடுக்கு, நகம், போட்டுவந்த செருப்பு. நல்ல ஆள் என்றால் செருப்பைக் கட்டாயம் திருப்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

சுகர் இருந்து கால் நன்றாக இருந்தால் இதை வருடத்துக்கு 1 முறை செய்தால் போதும். உணர்ச்சி குறைந்திருந்தாலோ ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டும் சேர்ந்திருந்தாலோ பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர், விரல் எடுத்தவர், இவர்கள் 1 முதல் 3 மாதத்துக்குள் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். ஆறிய புண் முடிந்த கதை இல்லை. ஒருமுறை வந்த காலுக்குத்தான் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறவர்கள்கூட வருடம் ஒருமுறை சாக்ஸைக் கழற்றிக் காட்டுவதில்லை. டாக்டரும் கேட்பதில்லை, கூட்டம் அப்படி. நீங்களே "என் காலைப் பாருங்க டாக்டர்" என்று செருப்பைக் கழற்றி நீட்டிவிட வேண்டியதுதான்.

சுகர் இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அவர்கள் விஷயத்தில் அவசரம் குறைவு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் உயிர் போகிற மாதிரி வலித்து, நாலு எட்டு நடந்ததும் குறைந்தால் அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார் அழற்சி. எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கு" என்றால் பதற வேண்டாம், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த எலும்பு முனை இருக்கிறது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் இழுத்துவிடும் பயிற்சி, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, எடை குறைப்பது, இதிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் பல மாதம் ஆகும், பொறுமை வேண்டும். சில வாரம் செய்தும் துளியும் குறையவில்லை, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, மரத்துப்போகிறது, கால் ஊன்றவே முடியவில்லை என்றால் டாக்டர். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதைப் பற்றிக் கேளுங்கள், திரும்பத் திரும்பப் போட்டால் அந்தத் தசைநாரே அறுந்துபோகலாம்.

கட்டைவிரல் மூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கிப் போர்வை பட்டாலே அலறுகிற மாதிரி வலித்தால் அநேகமாக யூரிக் ஆசிட், அதற்குப் பொது மருத்துவரே போதும். நகம் சதையில் ஏறுவது பெரும்பாலும் ஓரத்தை வளைத்து வெட்டுவதால், நேராக வெட்டுங்கள். சீழ் கோத்துவிட்டால் நோண்டாதீர்கள், ஓரத்தை மட்டும் மரக்க ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள், அன்றைக்கே நடந்து வரலாம்.

சேற்றுப்புண்ணுக்குத் தோல் டாக்டர். இதில் ஒரு கசப்பான உண்மை சொல்ல வேண்டும். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த ட்யூப்கள் எங்கள் தொழிலில் சக்கைப்போடு போடுகின்றன, இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அதனால் அதையே பேர் சொல்லிக் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது, பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவுகிறது. நகம் மஞ்சளாகத் தடித்து உதிர்ந்தாலும் மேல்பூச்சில் போகிற காரியம் இல்லை பெரும்பாலும். மாத்திரையே 3 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும், ஈரல் நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள், புது நகம் முழுசாக வர வருடம் ஒன்றுக்கு மேல் ஆகும்.

உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாக ஒரு கருப்பு மச்சம் அல்லது கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போனால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அபூர்வம்தான். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கருத்தவர்களுக்கும் மெலனோமா என்ற தோல் புற்று வந்தால் அதிகமும் அங்கேதான் வருகிறது, அங்கே யாரும் பார்ப்பதில்லை.

குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று பயந்து வருகிற அம்மாக்களுக்கு: 5, 6 வயது வரை அது சகஜம். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள், அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லை என்றால் விட்டுவிடலாம், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஷூ வாங்க வேண்டியதில்லை. வளைவே வரவில்லை, விறைப்பாக இருக்கிறது, குழந்தை ஓடாமல் உட்கார்ந்துவிடுகிறது என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்த காலுக்கு விரல் இடுக்கில் வார் வருகிற ஹவாய் செருப்பு வேண்டாம், இடுக்கை அறுக்கும், கழன்றும் போகும். பின்வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள், மைக்ரோசெல்லுலார் ரப்பர், தொழுநோய் ஆஸ்பத்திரிகளில் பழகி வந்தது, பார்க்க அழகாக இருக்காது என்று நிறையப் பேர் வாங்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வாங்குவது சாயங்காலமாக இருக்கட்டும், அப்போதுதான் கால் அதன் முழு அளவில் இருக்கும். வீட்டுக்குள்ளும் போடுங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கல், ஆணி, நம் ஊரில் தேள்கூட இருக்கலாம்.

கோயில்தான் கஷ்டம். மத்தியான வெயிலில் கருங்கல் பிராகாரம் சுற்றிவிட்டு, சாயங்காலம் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்து "இது எப்ப வந்துச்சு" என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. போகாதீர்கள் என்று சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? விடியற்காலையில் போங்கள், தென்னைநார் விரிப்பு போட்ட இடத்திலேயே நடங்கள், தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள், பல இடங்களில் ஒன்றும் சொல்வதில்லை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. மரத்த காலை வைத்துக்கொண்டு அதைச் செய்வதற்கு முன் டாக்டரிடம் ஒரு பேச்சுக் கேட்டுவிடுவதில் சாமி கோபித்துக்கொள்ளாது. அலுப்புத் தீர வெந்நீரில் கால் வைப்பதும் வேண்டாம், அந்தக் காலுக்கு வெந்நீர் எது கொதிநீர் எது என்று தெரியாது.

எங்கே போவது? சென்னையில் இருப்பவர்களுக்கு ராயபுரத்தில் 1954-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய எம்.வி. சர்க்கரை ஆஸ்பத்திரி இருக்கிறது, பாத வைத்தியத்தில் பேர் வாங்கிய இடம். வடக்கு மாவட்டக்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நீரிழிவுப் பிரிவில் கேளுங்கள். தமிழக அரசு "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயரிலேயே சர்க்கரைப் பாதத்துக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம், காலை எங்கே பார்ப்பார்கள் என்று கேட்டாலே வழி சொல்வார்கள். ரத்த ஓட்டம் அடைப்பு என்றால் ரத்தநாள அறுவை மருத்துவர். விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கிருமி உயிருக்கு உலை வைக்கிற அவசரமாக இல்லாத பட்சத்தில், அடைப்பை நீக்கி ரத்தத்தை வரவழைக்க முடியுமா என்று அந்த ரத்தநாள மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போகும்போது புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தினம் போடும் பழையதோடு போங்கள். கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், பழைய புண்ணின் போட்டோ போனில் இருந்தால் அதுவும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். பாதத்தில் மருதாணி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அது மங்கின பிறகு போவது நல்லது, அந்தச் சிவப்பில் டாக்டருக்குத் தோலின் நிறம் பிடிபடாது. ஆனால் புண் இருந்தால் மருதாணியோடே போங்கள், காத்திருக்க வேண்டாம்.